எந்த வண்டி உங்க மூட்டையைத் தாங்கும்?

(வானொலியில் விவசாயிகளுக்காக ஆற்றிய உரை)

ஒரு சம்பா அறுவடை சமயம். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரத்துக்கு வந்து கொண்டிருந்தேன். வாய்க்கால் ஓரத்துச் சாலையில் ஒரு சரக்கு வண்டி ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை முறிந்து விட்டது. மேலே 40 மூட்டை நெல். மூட்டைக்கு 60 கிலோ என்று வைத்தால் 2,400 கிலோ. வண்டியோ ஒன்றரை டன் தாங்குகிற வண்டி. மெக்கானிக் வருவதற்குள் மழை பிடித்துக் கொண்டது. மறுநாள் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்தார்கள். 17 சதவீதத்துக்கு மேலே போய் விட்டது. களத்தில் நன்றாகக் காய வைத்து ஏற்றிய நெல்லுங்க அது! மறுபடி கொட்டிக் காய வைக்க மூன்று நாள் ஆயிற்று.

அந்த விவசாயி என்னிடம் சொன்னது இதுதான்: "இழுக்கும்னு சொன்னாங்க சார், அதை நம்பித்தான் ஏத்தினேன்."

இழுத்தது வாஸ்தவம்தான். தாங்கவில்லை. இழுப்பது இன்ஜின் வேலை. தாங்குவது சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் நம்ம ஊரில் பல வண்டிகள் நடுவழியில் நிற்கின்றன. சரக்கு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்று இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் தாங்கும் எடை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சரக்கோடு சேர்ந்த மொத்த எடை என்று ஒன்று இருக்கும், காலி வண்டியின் எடை என்று ஒன்று இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்று சட்டம் சொல்கிற எடை. டிரைவரும் கூட வருகிறவரும் அதிலேயே அடக்கம்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம்ம ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தார்கள். அது முக்கால் டன் வண்டி. 60 கிலோ மூட்டையில் 12 மூட்டை. 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன். 20 மூட்டை தாங்கும். மகேந்திரா பொலிரோ பிக்கப்பில் பல அளவு உண்டு. 1,700 கிலோ ரகம் என்றால் 28 மூட்டை. 2022-க்குப் பிறகு 2 டன் வரை தாங்கும் பிக்கப்புகள் வந்து விட்டன. அவை 33 மூட்டை வரை தாங்கும். அதற்கு மேலே வேண்டுமென்றால் 407 வகை வண்டிக்குப் போக வேண்டியதுதான். 1986-ல் வந்த அந்த வண்டியை உங்களில் பலர் வாடகைக்குப் பிடித்திருப்பீர்கள்.

ஒரு ஏக்கரில் 30 மூட்டை விளைந்ததாக வைத்துக் கொள்வோம். குட்டி யானைக்கு மூன்று நடை. தோஸ்துக்கு இரண்டு நடை. 2 டன் வண்டிக்கு ஒரே நடை. 1,700 கிலோ வண்டியில்தான் சங்கடம். 28 மூட்டை ஏறிவிட்டது, இன்னும் இரண்டுதானே, மேலே போட்டு விடலாமே என்று கை துறுதுறுக்கும். அந்த இரண்டு இன்றைக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டு என்று ஆரம்பித்தது அடுத்த போகத்தில் பத்து ஆகிவிடும்.

இனி இழுவை. விளம்பரத்தில் குதிரைத் திறன் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். மாட்டு வியாபாரம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ரேக்ளாவுக்கு வாங்குகிற மாடு வேறு, சேற்றில் ஏர் இழுக்க வாங்குகிற மாடு வேறு. குதிரைத் திறன் என்பது எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதைச் சொல்கிறது. முறுக்கு விசை, டார்க் என்று சொல்வார்களே, அதுதான் சுமையோடு நிற்கிற வண்டி எவ்வளவு அழுத்தமாகக் கிளம்பும் என்பதைச் சொல்கிறது. முதலில் வந்த குட்டி யானைக்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி., சுமார் 38 நியூட்டன் மீட்டர் டார்க். தோஸ்த் மூன்று சிலிண்டர், 1,478 சி.சி. பொலிரோ பிக்கப் நான்கு சிலிண்டர், 2,523 சி.சி. அதில் டார்க் சுமார் 200. இந்த 200 எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்றும் கேளுங்கள். குறைந்த சுற்றிலேயே கிடைத்தால்தான் வயல் பாதையில் முதல் கியரில் திணறாமல் ஏறும்.

அமெரிக்காவில் ஹெவி டியூட்டி பிக்கப் என்றொரு ஜாதி உண்டு. 6.7 லிட்டர் டீசல் இன்ஜின், நம்ம பிக்கப்பைப் போல ஆறேழு மடங்கு டார்க். அதெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனால் அவற்றை ஒப்பிட அவர்கள் வைத்திருக்கிற முறை நல்ல முறை. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணை பக்கம் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றம் ஒன்று இருக்கிறது. கொளுத்துகிற வெயிலில், ஏ.சி.யையும் போட்டுக் கொண்டு, கம்பெனி சொன்ன முழுச் சுமையோடு வண்டி அதில் ஏறிக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்கினால் தேறாது.

நம்ம ஊரில் ஷோரூம்காரர் காலி வண்டியைக் கொடுத்து பைபாஸில் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்கிறார். காலி வண்டி எதுதான் ஓடாது? நீங்கள் சுமையோடு கேளுங்கள். கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. ஒரே எடையை ஏற்றி, ஒரே ஏற்றத்தில் இரண்டு வண்டியையும் பாருங்கள். ஏற்றத்தின் நடுவே நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். கிளட்ச் தீய்ந்த வாடை வருகிறதா பாருங்கள். அதே முக்கியம், இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதும். ஷோரூமில் சம்மதிக்கவில்லை என்றால் அதே வண்டி வைத்திருக்கிற உறவுக்காரரோடு ஒரு நடை போய் வாருங்கள். மைலேஜும் அப்படித்தான். டேங்கை முழுக்க நிரப்பி, சரக்கோடு போய்த் திரும்பி, மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று கணக்குப் போடுங்கள்.

சிதம்பரம் தாலுகாவில் மேடு கிடையாது. அங்கே சோதனை களிமண். கார்த்திகை மழையில் வயல் பாதையில் காலி வண்டிதான் அதிகம் மாட்டிக் கொள்ளும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. பின்னால் கனம் இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். அதற்காகச் சுமை முழுவதையும் வால் பக்கம் ஏற்றி விடாதீர்கள். முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பின் அச்சுக்கு முன்பக்கமாகக் கனம் விழும்படி அடுக்குங்கள்.

எந்த வண்டி நல்ல வண்டி என்பது எதை ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வல்லம்படுகைப் பக்கத்துப் பூ விவசாயிக்கு 2 டன் வண்டி எதற்கு? பூவுக்குக் கனம் இல்லை, விடியலில் மார்க்கெட்டில் இருக்க வேண்டும், அவ்வளவே. சின்ன வண்டி போதும். பண்ருட்டிப் பலா அப்படி இல்லை. கனமும் உண்டு, இடமும் அடைக்கும், ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்பேடு போய்ச் சேர வேண்டும். அங்கே பெரிய இன்ஜினுக்கு வேலை இருக்கிறது. வைக்கோலுக்கு டன் கணக்குப் பயன்படாது, தொட்டியின் நீள அகலத்தை அளந்து பாருங்கள்.

அடுத்தது, பலர் போடாத கணக்கு. ஒரு பேச்சுக்கு மாதத் தவணை 15,000 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,80,000. இன்சூரன்ஸ், டயர், பழுது எல்லாமாக 60,000 வையுங்கள். ஆக 2,40,000. உங்கள் வயலுக்கும் தோப்புக்குமாக வண்டி வருஷத்தில் 60 நாள்தான் ஓடுகிறது என்றால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். 200 நாள் ஓடினால் 1,200 ரூபாய். உங்கள் ஊரில் வாடகை வண்டி என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிச்சவாரி கிடைக்கும் என்று நம்பி வாங்கி, கிடைக்காமல், தவணைக்காக நகையை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, யாருக்கு எத்தனை நாள் என்று எழுதி வைத்துக் கொண்டு வாங்கலாம். அண்ணன் தம்பிக்குள்ளானாலும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

சட்டத்தில் இரண்டொரு விஷயம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகிற சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. லைசென்ஸ் விஷயத்தில் நல்ல சேதி உண்டு. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைப் பின்னால் நிற்க வைத்து ஏற்றிப் போகிறீர்கள். மூட்டை சரிந்தால் மூட்டையோடு போயிற்று. ஆட்கள் விழுந்தால்? சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறியவர்களுக்கு நஷ்டஈடு தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க முடியும். அப்போது அந்தக் குடும்பம் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஆட்களை அழைத்துப்போக வேன் பிடியுங்கள். அந்த வாடகையையும் நடவுக் கூலியோடு சேர்த்தே கணக்கில் வைத்து விடுங்கள்.