தோழியர்க்கு ஒரு நன்றியுரை

34 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் நான். ‘நட்பு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுக என்று வகுப்பிலே சொன்னால், பிள்ளைகள் தவறாமல் எழுதுவது இரண்டு கதைகள். ஒன்று, கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே கொண்ட நட்பு. மற்றொன்று, கர்ணன் துரியோதனன்பால் கொண்ட நட்பு. இரண்டும் உயர்ந்தவையே. ஆனால் இரண்டிலும் நண்பர் இருவரும் ஆடவர். ஆடவன் ஒருவனுக்குப் பெண் ஒருத்தி தோழியாய் நின்று அவன் அறிவைத் திருத்திய கதையை எந்தப் பிள்ளையும் எழுதி நான் கண்டதில்லை. பிள்ளைகளைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. கற்பித்தவன் நானல்லவா?

இத்தனைக்கும் அத்தகைய நட்புக்கு நம் இலக்கியத்திலே பஞ்சம் இல்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் புலவர் ஔவையாருக்கும் இருந்த உறவைப் புறநானூறு காட்டுகிறது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை அவன் தான் உண்ணாமல் அவருக்கு ஈந்தான் என்பதை எல்லோரும் அறிவர். அவர் அவனுக்குச் செய்ததைச் சிலரே நினைக்கின்றனர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். உங்கள் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ போரிலே நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்னும் கருத்துப்பட ஔவையார் பேசினார். புகழ்வது போல அந்த ஒரு பேச்சாலே எச்சரித்துவிட்டார். அதியமான் இறந்தபோது அவர் பாடிய கையறுநிலையைப் படிப்பவர், அது பரிசிலுக்காகப் பாடிய பாட்டன்று, நட்பை இழந்த நெஞ்சின் அழுகை என்பதை உணர்வர்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1905 ஆம் ஆண்டில் பெண்களுக்கென்றே ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாத இதழ் சென்னையிலே தொடங்கியது. அதன் ஆசிரியர் சுப்பிரமணிய பாரதியார். அக்காலத்தில் காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்றபோது, அவர் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். நிவேதிதை பாரதியாரைவிட வயதில் மூத்தவர். அயர்லாந்திலே மார்கரெட் நோபிள் என்னும் பெயரோடு பிறந்த அவரும் ஓர் ஆசிரியையே. 1898 இல் இந்தியா வந்து, அதே ஆண்டில் கல்கத்தாவிலே பெண்களுக்கு ஒரு பள்ளியைத் திறந்தவர்.

உங்கள் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் வினவியதாகவும், அது எங்கள் வழக்கமன்று என்று பாரதியார் கூறியதாகவும், வீட்டிலுள்ள பெண்ணுக்குக் கொடாத விடுதலையை நாட்டுக்கு எவ்வாறு பெறுவீர் என்னும் கருத்துப்பட அவர் இடித்துரைத்ததாகவும் பாரதியார் வரலாறு எழுதியோர் கூறுவர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்கள் இதழுக்கே ஆசிரியராய் இருந்தவர் பாரதியார். பெண் கல்வியின் தேவையை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்திலே இருந்தது இல்லத்துக்கு வரவில்லை. அந்த இடைவெளியை அவருக்குக் காட்ட ஒரு பெண்ணின் கேள்வி வேண்டியிருந்தது. பாரதியார் அதற்காகச் சினங்கொள்ளவில்லை. 1908 இல் வெளியிட்ட ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலையும், 1909 இல் வெளியிட்ட ‘ஜன்ம பூமி’ நூலையும் அவருக்கே காணிக்கையாக்கி, அவரைத் தம் குரு என்று போற்றினார். 1911 இல் நிவேதிதை மறைந்தார். தக்க காலத்தில், அவர் உயிரோடிருக்கும்போதே, பாரதியார் நன்றி கூறிவிட்டார். அந்தத் ‘தக்க காலம்’ என்பதைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன்.

பெரியோர் கதையை நிறுத்தி என் சிறிய கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது திருப்பூரை அடுத்து, நொய்யலாற்றங்கரையில் ஓர் ஊர். என் தந்தையார் பஞ்சு அரவை ஆலையில் கூலித் தொழிலாளி. தொடக்கப் பள்ளியில் என்னோடு படித்த பெண் ஒருத்தி மனக்கணக்கில் எங்கள் எல்லோரையும் விஞ்சியவள். பின்னக் கணக்கு எனக்குப் புரிந்தது ஆசிரியரின் கரும்பலகையால் அன்று. புளியமரத்தடியில் அவள் புளியங்கொட்டைகளைக் கூறு போட்டுக் காட்டியதால். ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. தாயோடு அரவை ஆலைக்குப் பருத்தி பொறுக்கச் சென்றாள். நான் ஆறாம் வகுப்புக்குச் சென்றேன். கணக்கில் கெட்டிக்காரி வேலைக்கும், அவளிடம் கணக்குக் கற்றவன் பள்ளிக்கும் போனது ஏன் என்று எங்கள் ஊரில் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அவள் ஒன்று கேட்டாள். மாலையில் வேலை முடிந்து, தலையிலே பஞ்சுத் தூசியோடு வருபவள், “இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க?” என்பாள். முதல் நாள் நான் விழித்தேன். மறுநாள் முதல், அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே வகுப்பில் கருத்தூன்றிக் கேட்டேன். எனக்குப் புரியாததை அவளுக்குச் சொன்னால் உடனே கண்டுகொள்வாள். “நீ பாதிய முழுங்கீட்ட” என்பாள். இரண்டாண்டுக் காலம் இது நடந்தது. பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், மாணவனின் ஐயத்தைக் கொண்டே பாடத்தை அமைக்க வேண்டும் என்று பேராசிரியர் விளக்கியபோது, இந்தப் பாடம் எனக்கு முன்னமே நடந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். என் முதல் மாணவி அவளே. என் முதல் ஆசிரியையும் அவளே.

இரண்டாவது தோழி, நான் பணியில் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் இருந்த ஆசிரியை. என்னினும் பத்து வயது மூத்தவர். அது 1984 ஆம் ஆண்டு. பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு. வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருவதை அவர்தாம் எனக்குக் காட்டினார். காட்டியும் நான் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து தொழில் மீண்டும் சுறுசுறுப்படைந்த நாளில், பாட நேரத்தில் உறங்கிய ஒரு மாணவனைப் பிரம்பால் அடித்தேன். கையிலே தழும்பு எழுந்தது. அன்று மாலை ஆசிரியர் அறையில் அந்த அம்மையார் மெல்லிய குரலில், “சார், அந்தப் பையன் ராத்திரி எங்கே இருந்தான் என்று கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை. பிறகு கேட்டேன். அவன் இரவெல்லாம் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை செய்து, தைப்பவர்க்குத் துணி மடித்துக் கொடுத்துவிட்டு, காலையில் நேரே பள்ளிக்கு வந்தவன். சனிக்கிழமைக் கூலியில்தான் அவ்வீட்டில் அரிசி வாங்கினார்கள். உறக்கத்தை வென்று பள்ளிக்கு வந்ததே அவன் செய்த பெருஞ்செயல். அதற்கு நான் கொடுத்த பரிசு பிரம்படி! அன்று கீழே வைத்த பிரம்பை நான் மீண்டும் எடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒருவன் வராத நாளைக் குறிக்கும்போதெல்லாம், “ஏன் வரவில்லை?” என்னும் கேள்வியையும் சேர்த்துக் குறிக்கப் பழகினேன். பின்னாளில் தலைமையாசிரியனாக நான் எதையாவது நல்லபடியாகச் செய்திருந்தால், அது அந்தக் கேள்வியின் பயனே. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைச் சட்டம் 2016 இல், சில விலக்குகளோடு, எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. ஆனால் எந்தச் சட்டமும் உறங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்காது. ஆசிரியன்தான் கேட்க வேண்டும்.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓர் இளைஞனும் ஓர் ஆசிரியையும் அறிவு பற்றி உரையாடினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆசிரியர் அறையிலேயே முணுமுணுப்பு எழுந்தது. நான் அஞ்சினேன். ஒரு பருவம் முழுவதும் அவரோடு பேசுவதைத் தவிர்த்தேன். அவர் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் என் மேசைக்கு வந்து, “தப்பு செய்தவங்கதான் சார் ஒளியணும். உங்க வகுப்புப் பையன் நாலு நாளா வரலீங்க, போய்ப் பாருங்க” என்று சொல்லிச் சென்றார். என் கோழைத்தனத்துக்கு அதைவிட மென்மையான தண்டனை இருக்க முடியாது. பழிச்சொல்லின் சுமை ஆணைவிடப் பெண்ணையே மிகுதியாக அழுத்தும். அவர் அதைத் தாங்கி நின்றார். அதில் பாதிகூடச் சுமக்க வேண்டாத நான் ஓடி ஒளிந்தேன்.

2018 இல் நான் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் என் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி கூறினேன். அந்த இருவர் பெயரும் என் நாவில் வரவில்லை. மறந்தேன் அல்லேன், ‘என் தோழி’ என்னும் சொல்லை அவையில் சொல்லத் துணிவில்லை. சில ஆண்டுகளில் அந்த ஆசிரியை காலமானார். நான் சொல்லாத நன்றி என்னிடமே தங்கிவிட்டது. செய்ந்நன்றி அறிதலுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். நடத்தியவன் கற்கவில்லை.

ஆகவே, எஞ்சிய கடனையாவது தீர்ப்போம் என்று என் பள்ளித் தோழியைத் தேடிச் சென்றேன். அரவை ஆலையிலிருந்து பனியன் கம்பெனிக்குச் சென்று, கைமடித்து, பிசிர் வெட்டி, பல்லாண்டு செக்கிங் வேலை பார்த்து, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். நான் கூற வந்ததைத் தட்டுத் தடுமாறிக் கூறினேன். நீங்கள் படித்திருக்க வேண்டியவர், உங்கள் இடத்தில் நான் படித்தேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அதெல்லாம் போச்சுங்க. எம் பேத்திக்குப் பின்னக் கணக்கு வரமாட்டேங்குது. சொல்லிக் குடுக்கறீங்களா?” என்றார். அன்று முதல் வாரம் இருமுறை அந்தச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். புளியங்கொட்டைகளைக் கொண்டே தொடங்கினேன்.

மாணவர்களே, உங்களோடு படிக்கும் மாணவியரைத் தோழியராக மதிக்கப் பழகுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குச் சினங்கொள்ளாமல் செவி கொடுங்கள். மாணவியரே, உங்களில் ஒருத்தியின் படிப்பு நிற்கும்போது ஏன் என்று உரக்கக் கேளுங்கள். உங்களை உருவாக்கிய தோழி ஒருத்தி இருந்தால், அவருக்குரிய நன்றியை விழா மேடைக்கென்று சேர்த்து வைக்க வேண்டாம். இன்று மாலையே சென்று சொல்லுங்கள்.