பத்திரத்தில் யார் பெயர்?

(இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு மணமுறிவும் பெண்களின் சொத்துரிமையும். காலையிலிருந்து சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், இந்த அம்மா வந்து மணமுறிவைப் பேசுகிறாரே என்று சிலருக்குத் தோன்றும். குடும்ப நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டுகளாக வழக்காடுகிறேன். நம் மேடைகளில் மணம் முடித்தவர்களும் அங்கே வருகிறார்கள். வெளியே சொன்னால் சாதிச் சங்கத்துக்காரன் சிரிப்பான் என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். அவன் எப்படியும் சிரிப்பான். தன் சாதிக்குள் முறிகிற திருமணங்களை அவன் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

நம் ஊரில் ஒரு வீடு எப்படி வாங்கப்படுகிறது? முன்பணத்துக்கு முதலில் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. போதவில்லை என்றால் அவருடைய அப்பா ஊரில் அரை ஏக்கரை விற்று, ரொக்கமாகக் கொண்டுவந்து மருமகன் கையில் கொடுக்கிறார். கணவரின் அண்ணன் துபாயிலிருந்து கொஞ்சம் அனுப்புகிறார். மாமியார் தன் வளையலைக் கழற்றித் தருகிறார். இத்தனை பேர் பணத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மருமகனிடம் எழுதி வாங்குவார்களா என்ன! மீதிக்கு வங்கிக் கடன். கிரையப் பத்திரத்தில் ஒரே ஒரு பெயர்.

பிறகு கணவர் சம்பளம் மாதத் தவணைக்குப் போகும். மனைவி சம்பளம் அரிசிக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், மாமனார் மருந்துக்கும் போகும். வீட்டுக்குள் யாருக்கும் இது அநியாயமாகத் தெரியாது, இரண்டும் குடும்பச் செலவுதானே. பன்னிரண்டு வருடம் கழித்து வழக்கு வரும்போது வங்கிக் கணக்கை எடுத்தால் தவணை முழுவதும் அவர் கட்டியதாக இருக்கும். அரிசி வாங்கிய ரசீதை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

நான் நடத்திய ஒரு வழக்கு. அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வீட்டுக் கடனில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு சம்பளத்தைக் காட்டினால் கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்று வங்கியில் சொன்னார்கள், போட்டுவிட்டார். வீடு தன்னுடையதும்தான் என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அவர் கூட்டுக் கடன்தாரர் மட்டுமே. தவணை நின்றால் வங்கி அவரையும் பிடிக்கும், ஆனால் சார்பதிவாளர் அலுவலக ஆவணத்தில் அவர் பெயர் இல்லை. கடனில் பங்கு உண்டு, வீட்டில் பங்கு இல்லை. இங்கே இருக்கும் எத்தனை பேருடைய அம்மாவின் நிலை இதுவோ தெரியாது. இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கோவாவில் போர்த்துகீசியர் விட்டுப்போன குடிமைச் சட்டத்தின்படி, திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது. இந்தியாவின் மற்ற பகுதிகளில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாகத் தரப்பட்ட பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. நம் சுயமரியாதைத் திருமணமும் அண்ணா ஆட்சியில் வந்த 7ஏ பிரிவு வழியாக இதே சட்டத்துக்குள்தான் இருக்கிறது. புரோகிதரை வெளியே அனுப்பிவிட்டோம், தாலியைக்கூட விட்டோம். பத்திரம் எழுதும்போது மட்டும் தாத்தா காலத்துப் பழக்கம். மணமுறிவில் கணவர் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு தர ஒரு மசோதா வந்தது. 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது.

நகை பெண்ணுடையது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் நகையை விற்று வீடானபின் எந்தச் சவரன் எந்தச் சுவரில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான். இன்னொரு வேடிக்கை. 1988ஆம் ஆண்டு பினாமிச் சட்டம், ஒருவர் தன் மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ சொத்து வாங்கலாம் என்று விலக்கு கொடுத்தது. மனைவி தன் பணத்தில் கணவன் பெயரில் வாங்கியிருந்தால் விலக்கு இல்லை. பெண்ணிடம் பணம் இருக்கும் என்றே சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். 2016இல்தான் வாழ்க்கைத் துணை என்று இருவருக்கும் பொதுவாக மாற்றினார்கள். அதிலும் மருமகன் வரமாட்டார். அப்பா கொடுத்த அரை ஏக்கர் பணம் அன்பளிப்பா, கடனா, வரதட்சணையா என்று நீதிமன்றத்தில் இழுபடும். வரதட்சணை என்று சொன்னால் கொடுத்தவர்மேலும் வழக்கு வரும் என்று பயந்து பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கிய வரதட்சணை அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு நல்ல தீர்ப்பு தந்தார். வெளிநாட்டில் கணவர் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் பங்களிப்புதான், சம பங்கு உண்டு என்றார். வரவேற்கிறேன். ஆனால் அது ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு. அதை வைத்து வாதாடலாம், சட்டம் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். சாதி மறுத்து வந்த பெண்ணிடம் நகை இல்லை, அப்பாவின் அரை ஏக்கரும் இல்லை. உடுத்திய துணியோடு வருகிறார். வீட்டுக்குப் பணம் கணவர் பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. பின்னால் முறிந்தால் காட்டுவதற்கு ஒரு அடகுச் சீட்டுகூட அவரிடம் இருக்காது. திரும்பிப் போகத் தாய்வீடும் கிடையாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் கேட்கலாம். வசிப்பது வேறு, உடைமை வேறு. நான் பார்த்தவரை இவர்கள்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அதிக நாள் இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பிறந்த வீட்டில் உரிமை இல்லையா? உண்டு. சாதியை விட்டு விலகியதால் சொத்துரிமை போகாது என்று 1850லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை என்று கலைஞர் ஆட்சி 1989இல் சட்டம் கொண்டுவந்தது, 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை வேறு யாருக்கும் உயில் எழுதலாம், பூர்வீகத்தில் மகளின் பங்கை அப்படி எழுத முடியாது. அதனால்தான் சமாதானம் பேச வரும் அண்ணன் கையில் விடுதலைப் பத்திரத்தோடு வருகிறான். "கையெழுத்துப் போட்டுட்டு அம்மாவை வந்து பாரு" என்பான். தோழர்களே, படிக்காமல் போடாதீர்கள். சாதி விட்டு சாதி போனால் நிலம் போய்விடும் என்ற பயம்தான் பல வீடுகளில் அரிவாளை எடுக்க வைக்கிறது.

கிரையப் பத்திரத்தில் இருவர் பெயரையும் போடுங்கள். யார் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள். உறவினர் தரும் பணம் வங்கி வழியாக வரட்டும், அது கடனா கொடையா என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மாமியார் வளையலுக்கும் அதேதான், அதுவும் ஒரு பெண்ணின் சொத்துதானே. தவணையை இருவர் கணக்கிலிருந்தும் கட்டுங்கள்.

"ஆரம்பத்திலேயே சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா தோழர்?" என்று போன மாதம் ஓர் இளைஞர் கேட்டார். வங்கிக்காரர் உங்களிடம் நாற்பது கையெழுத்து வாங்கும்போது உங்களுக்குக் கோபம் வந்ததா என்று கேட்டேன். அடுத்த வாரம் இருவருமாக வந்து, பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டுப் போனார்கள்.

தேநீர் இடைவேளையில் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். பத்திர நகல் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.