கணவர், தந்தை, பாட்டனார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகிழ்ச்சிக்குரிய இவ்விழா நாளில் மறைந்தவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணலாம். மங்கல காரியம் நிகழும் இல்லத்தில் முன்னோரை முதலில் நினைப்பது நம் மரபு. அம்மரபையொட்டி, ஒரு குடும்பம் தன் தலைவரை இழந்தபின் அவர் நினைவை எவ்வாறு காத்தது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன். அவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவர் சுப்பிரமணிய பாரதியார். ஆயினும் நான் பேசப்போவது மகாகவியைப் பற்றியன்று. செல்லம்மாளின் கணவரைப் பற்றி. தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண்களின் தந்தையைப் பற்றி.

1897-ஆம் ஆண்டில் அவர்கள் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது 14, மணமகளுக்கு 7. மறு ஆண்டு தம் தந்தையாரை இழந்த பாரதியார், அத்தையின் ஆதரவை நாடிக் காசிக்குச் சென்றார். நம்மைப் போலவே, ஊரையும் உறவையும் பிரிந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1901-இல் அங்கிருந்து தம் இளம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மை எண்ணி அவர் கவலையுறுவதை அறிந்து, கவலை தோன்றும் வேளைகளில் தமிழை நன்றாகக் கற்றுவந்தால் தமக்கு மிக்க மகிழ்ச்சியாகும் என்று அதில் தெரிவித்தார். தொலைவிலிருந்த கணவர் மனைவிக்கு அனுப்பியது பொன்னன்று, புடவையன்று. இந்த ஒரு வேண்டுகோளே.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1921 செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியாரின் ஆவி பிரிந்தது. அவருக்கு 39 வயது நிரம்பவில்லை. இறுதி யாத்திரையில் உடன் சென்றவர் மிகச் சிலரே. செல்லம்மாள் அப்பொழுது முப்பது வயதை ஒட்டியவர். மூத்த மகள் மணமானவர். இளைய மகள் சிறுமி. வீட்டில் நிலமில்லை, பணமில்லை. இருந்தவை கையெழுத்துப் படிகளும், பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த பாட்டுக்களுமே.

கணவரை இழந்த பெண், வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். செல்லம்மாள் ஒடுங்கவில்லை. பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் ஒரு பதிப்பகம் அமைத்து, 1922-ஆம் ஆண்டிலேயே கணவரின் பாடல்களைச் சுதேச கீதங்கள் என்ற நூலாக வெளியிட்டார். கவலையுற்ற வேளையில் தமிழைப் படி என்று காசியிலிருந்து வந்த கடிதத்துக்கு, இதனினும் சிறந்த மறுமொழி உண்டோ? அப்பாடல்களின் பதிப்புரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் பெற்றது. 1955-இல் அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. அவ்வாண்டிலேயே செல்லம்மாளும் காலமானார்.

அன்பர்களே, நினைவைக் காத்தல் என்பது புகழ்ந்து பேசுதல் மட்டுமன்று. 1951-இல் திருச்சி வானொலி நிலையத்தில் 'என் கணவர்' என்னும் தலைப்பில் செல்லம்மாள் ஓர் உரை நிகழ்த்தினார். கவிஞருக்கு மனைவியாக வாழ்வது எத்துணைக் கடினம் என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. சமையலுக்கு வைத்திருந்த அரிசியை எடுத்துப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த செய்தியை நாம் வியந்து பேசுகிறோம். குருவிகளின் களிப்பைக் கண்டவர் கவிஞர். அடுத்த வேளை உலைக்கு என் செய்வது என்று திகைத்தவர் மனைவி. அவ்விரண்டையும் சேர்த்துச் சொல்ல வீட்டார் இருந்தமையாலேதான், நமக்குக் கிடைத்தது ஒரு சிலையன்று, ஒரு மனிதர். குறையையும் உடன் சொல்லும் அன்பே முழுமையான அன்பு என்பது என் கருத்து.

தாயின் வழியே மக்களும் நின்றனர். சகுந்தலா 'என் தந்தை பாரதி' என்ற நூலை எழுதினார். தங்கம்மாளும் தந்தையாரைப் பற்றித் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். தங்கம்மாளின் மகள் விஜயா பாரதி, பாட்டனாரின் முகத்தைக் கண்டவர் அல்லர். ஆயினும் அவருடைய படைப்புக்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். காணாத பாட்டனாரைப் பேத்தி அறிந்துகொண்டது எங்ஙனம்? பாட்டியும் தாயும் சொன்ன சொல்லால். அச்சொல்லைப் படித்தறியத் தாம் கற்ற தமிழால்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நம் கணவன்மாரும் தந்தையரும் மகாகவிகள் அல்லர். அலுவலகத்திலும் ஆலையிலும் இரயில் நிலையத்திலும் உழைத்து, மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்பி, மக்களைப் படிக்க வைத்து ஓய்ந்தவர்கள். அவர்கள் மறைந்தால் எந்தப் பத்திரிகையும் எழுதாது. நாமும் எழுதாவிட்டால், அவர்கள் இருந்ததற்கு ஒரு புகைப்படமும் ஒரு மாலையுமே சான்றாகும். அவர்கள் எழுதிய கடிதங்கள் நம் பெட்டிகளில் இருக்கலாம். அவற்றைப் படிக்கத் தெரியாத பேரக் குழந்தைகள் நம் கூடத்திலேயே விளையாடுகிறார்கள். பாட்டனார் ஒருமுறை மறைகிறார். அவர் கையெழுத்தை எவரும் படிக்க இயலாத நாளில் மறுமுறை மறைகிறார். முதல் இழப்பைத் தடுக்க நம்மால் இயலாது. இரண்டாவதைத் தடுக்க இயலும்.

ஆகவே உங்களை நான் வேண்டுவது இரண்டே. வீட்டில் முதிய தாய்மார் இருப்பின் அவர்கள் அருகில் அமர்ந்து, மறைந்தவரைப் பற்றிக் கேட்டு, நிறையும் குறையுமாக ஒரு பக்கமேனும் தமிழில் எழுதி வையுங்கள். எழுதியதை வாசிக்கும் அளவுக்கேனும் பேரக் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பியுங்கள். அப்பக்கத்தை அக்குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாளே, மறைந்தவருக்கு நாம் செய்யும் மெய்யான நினைவு நாள்.