பழைய டயரும் புதிய தூணும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி தேய்ந்துபோன மோட்டார் டயரைப் பற்றியதாகும். டயருக்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் வழியைக் கண்டார். அதனால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைத்துப்போகாமலும் நிற்கலாயிற்று. ஆனால் அதே காரணத்தால், இரும்பை உருக்கி வார்ப்பதுபோல் அதை மறுபடியும் உருக்கி வார்க்க முடியாமலும் போய்விட்டது. குவித்து வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு உற்பத்தியாகின்றது. நெருப்புப் பிடித்தாலோ சுலபத்தில் அணைவதில்லை. கனடா தேசத்து ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990-ல் ஒரு டயர்க் குவியல் 17 நாள் எரிந்தது.

ஆகவே டயரைப் பொடியாக்கி, கான்கிரீட்டில் மணலுக்கும் ஜல்லிக்கும் பதிலாகப் போட்டால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். யோசித்ததோடு நில்லாமல் பரீட்சையும் செய்து பார்த்தார்கள். எல்டின், செனூசி என்ற இருவர் 1993-ல் வெளியிட்ட முடிவின்படி, ஜல்லி முழுவதையும் நீக்கி ரப்பர்த் துண்டு போட்டால் பாரம் தாங்கும் பலத்தில் சுமார் 85 சதவிகிதம் போய்விடுகின்றது. மணல் முழுவதுக்கும் பதிலாகப் பொடி ரப்பர் போட்டால் சுமார் 65 சதவிகிதம் போய்விடுகின்றது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கல்லானது தன் பங்குப் பாரத்தைத் தானே சுமக்கும். ரப்பரோ நசுங்கிக்கொடுத்துத் தன் பாரத்தைப் பக்கத்திலுள்ள சிமெண்டின் தலையில் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, சிமெண்டுப் பசை அதனோடு நன்றாய் ஒட்டுவதுமில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ரப்பர் கான்கிரீட் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் அவ்விருவரும் கண்ட மற்றொன்றையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். சாதாரணக் கான்கிரீட் பாரம் மிஞ்சினால் திடீரென்று நொறுங்கும். இதுவோ மெள்ள மெள்ள நசுங்கி விட்டுக்கொடுத்தே உடைந்தது. பூமி அதிர்ச்சியில் தூண் திடீரென்று நொறுங்கினால் ஜனங்கள் சாகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் குணம் அலட்சியம் செய்யத்தக்கதல்லவென்பது விளங்கும்.

இப்பொழுது குழாய்க்கு வருவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தனித்தனி மரத்துண்டுகளை ஒன்றாய்ப் பிடித்து நிறுத்துவது எது? மேலே காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டைதானே! அவிழ்த்துக் கொட்டினால் சரிந்துவிடும் மணலும் சாக்கில் கட்டிவிட்டால் ஆளையே தாங்குகின்றது. கான்கிரீட்டும் அப்படித்தான். பாரம் ஏறினால் அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பிதுங்கவிடாமல் நெருக்கினால் பலம் ஏறும். பக்கவாட்டில் ஒரு பங்கு நெருக்கினால், மேற்பாரம் தாங்கும் சக்தி ஏறக்குறைய நான்கு பங்கு கூடுகின்றதென்று அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் ரிச்சர்ட் முதலிய மூவர் 1928-லேயே அளந்து சொன்னார்கள்.

இந்தக் காரியத்துக்குக் கண்ணாடி நார் அல்லது கார்பன் நாரைப் பிசினில் தோய்த்துச் சுற்றி இறுகச் செய்த குழாயை இப்போது உபயோகிக்கிறார்கள். இக்குழாய் தானாக எதையும் நெருக்காது. உள்ளிருப்பது பிதுங்கினால்தான் பிடிக்கும். மிருதுவான ரப்பர் கான்கிரீட் தாராளமாய்ப் பிதுங்குவதால், குழாய்க்கு முழு வேலையும் கிடைக்கின்றது. வெளியே குறையாயிருந்ததே குழாய்க்குள் உபயோகமாய்விடுகின்றது! ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆராய்ச்சிக்காரர்கள் 2014-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிறகு இங்கிலாந்தில் ஷெபீல்டு சர்வகலாசாலையார் ஜல்லி மணலில் 60 சதவிகிதம் வரை ரப்பராக்கி, மேலே நார்த்துணி சுற்றிப் பரீட்சை செய்ததில், அது தன் உயரத்தில் 5 சதவிகிதம் வரை குறுகியும் பாரத்தை விடவில்லை. சாதாரணக் கான்கிரீட் அரை சதவிகிதம் குறுகுவதற்குள்ளாகவே நொறுங்கிவிடும். கணக்குக்காகச் சொன்னால், பத்தடித் தூணில் அது அரை அங்குலத்துக்கும் சற்று மேல். இதுவோ ஆறு அங்குலம்.

ஆனாலும் வியாபாரிகள் விளம்பரத்தைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஒரே குழாயில் நல்ல ஜல்லிக் கான்கிரீட்டை நிரப்பினால் தாங்கும் பாரத்தை, ரப்பர் கான்கிரீட் நிரப்பினால் தாங்காது. போர்த்துகல் தேசத்தில் எஃகுக் குழாய்களில் நிரப்பிப் பார்த்தவர்களும், பலம் குறைந்து வளையும் தன்மை கூடியதென்றே கண்டார்கள். சதுரக் குழாய் மூலைகளில் மட்டுமே நன்றாய்ப் பிடிப்பதால் வட்டக் குழாய்க்கு ஈடாகாது. கார்பன் நார் விலை அதிகம். நெருப்பில் நார்க் குழாயின் பிசின் இளகிவிடும். சாதாரணப் பிசினுக்குக் கொதிநீர்ச் சூடே போதும். அன்றியும் மேலே சொன்ன பரீட்சைகளில் பெரும்பாலானவை சிறு உருளைகளில் செய்யப்பட்டவை. உருளை வேறு, பாலத்தூண் வேறு.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தம் வீட்டு மேல்தளத்துக்கு டயர்ப்பொடி கலக்கலாமா, மணல் செலவு மிச்சமாகுமே என்று கேட்கிறார். வேண்டாம் தோழரே! மேல்தளத்துக்குக் குழாய் ஏது? பிடிப்பாரில்லாத இடத்தில் ரப்பர் போட்டால் பலம் போவது மட்டுமே மிச்சம். நடைபாதைக் கல்லுக்கோ, பாரமேறாத தடுப்புச் சுவருக்கோ கொஞ்சம் கலக்கலாம். அதையும் கட்டை வார்த்து நசுக்கிப் பார்த்த பிறகே செய்யுங்கள்.