முதல் எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவுக்குள் முதன்முதலாக நுழைபவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் துடிப்பார். அவசரமே வேண்டாம். சால்டரிங் செய்யாமலே பாகங்களைச் செருகிப் பார்க்க ஒரு பிரெட்போர்டு, அளந்து பார்க்க ஒரு மல்டிமீட்டர். முதல் செலவு இவ்வளவுதான்.

அடுத்து ரெசிஸ்டர்கள். 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி.யை நேரடியாக இணைத்தால் கருகிவிடும். சிவப்பு எல்.இ.டி.க்குத் தேவை ஏறத்தாழ 2 வோல்ட். மீதி 7 வோல்ட்டை 470 ஓம் ரெசிஸ்டர் ஏற்றுக்கொள்ள, மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியருக்குள் அடங்குகிறது. அந்த ரெசிஸ்டரின் உடம்பில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று பட்டைகள் இருக்கும்: 4, 7, பிறகு ஒரு சுழி. ஓரத்தில் உள்ள தங்கப் பட்டை, அளவு 5 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம் என்பதற்கு அடையாளம். 1,000 ஓம், 10,000 ஓம் வகைகளிலும் பத்துப் பத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஐ.சி. எனப்படும் சில்லு என்றால் முதலில் 555 டைமர்தான். ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தது. எட்டே கால்கள், விலையும் சொற்பம்.

இரண்டு ரெசிஸ்டர்கள், ஒரு கெப்பாசிட்டர் சேர்ந்தால் 555 எல்.இ.டி.யைச் சிமிட்ட வைக்கும். கெப்பாசிட்டரின் பக்கவாட்டுக் கோடு நெகட்டிவ் காலைக் காட்டுகிறது. மாற்றிச் செருகக் கூடாது. 10 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 100ஐ வைத்தால், சிமிட்டலுக்குப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும்.