அருளாக மாறிய பொருள்



திருக்கோயிலுக்கு வருவோருள் பெரும்பாலோர் இல்லறத்தார். உழவும் வணிகமும் தொழிலும் செய்து பொருளீட்டுவோர். இறைவன் திருமுன் கைகூப்பி நிற்கும்போது அவர்தம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நாளெல்லாம் பொருளைத் தேடி நடக்கும் கால்கள் அருளின் வாயிலை அடைதல் கூடுமா என்பதே அது.

பொருட்செல்வம் கீழோரிடத்தும் உண்டு. செல்வங்களுள் தலையாயது அருட்செல்வமே என்பது திருவள்ளுவர் வாக்கு. அவரே ஒப்புரவைப் பற்றிக் கூறுமிடத்து, உலகம் வாழ விரும்பும் அறிவுடையோன் செல்வத்தை, ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்ததற்கு ஒப்பிடுகின்றார். ஆதலின் பொருள் அருளாக மாறுவதற்கு ஒரு வழி உண்டு. அவ்வழி ஒப்புரவே ஆகும். அவ்வழியில் நடந்து, 'அருட்செல்வர்' என்று மக்களால் அழைக்கப்பெற்றவர் பொள்ளாச்சி நா. மகாலிங்கம் அவர்கள்.

அன்னார் 1923-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் பொள்ளாச்சியில், நாச்சிமுத்துக் கவுண்டரின் மகனாகத் தோன்றினார். தந்தையார் நிறுவிய ஆனைமலைஸ் பேருந்து நிறுவனம் மலையடிவார ஊர்களை நகரங்களோடு இணைத்து வந்தது. சென்னையில் உயர்கல்வி பயின்று திரும்பிய மைந்தர் அத்தொழிலில் ஈடுபட்டார். பின்னர் 1961-ஆம் ஆண்டில் சக்தி சர்க்கரை ஆலை நிறுவனம் தொடங்கப்பெற்றது. பவானியை அடுத்த ஆப்பக்கூடலில் அமைந்த ஆலை, அவ்வட்டாரக் கரும்பு உழவர்க்கு நிலையானதொரு சந்தையாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் தனியார் பேருந்துகள் அரசுடைமை ஆனபோது, தந்தையார் காலம் முதல் வளர்ந்த பேருந்துத் தொழிலின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. அவ்விழப்புக்குப் பின்னரும் அன்னாரின் அறப்பணிகள் நின்றுவிடவில்லை.

1952 முதல் 1967 வரை பொள்ளாச்சித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக அன்னார் விளங்கினார். ஆனைமலைத் தொடரில் பெய்யும் பெருமழை ஆறுகளாகி மேற்கே ஓடிக் கடலில் கலக்க, கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளின் நிலங்கள் வறண்டு கிடந்த காலம் அது. பரம்பிக்குளம், ஆழியாறு, சோலையாறு, நீராறு முதலியவற்றை அணைகளாலும் சுரங்க வழிகளாலும் இணைத்து, அந்நீரைக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் காமராசர் ஆட்சியில் உருப்பெற்றது. பலர் உழைப்பால் நிறைவேறிய அத்திட்டத்திற்காக இடையறாது குரல் கொடுத்தவருள் மகாலிங்கம் அவர்களும் ஒருவர்.

கடலில் கலந்த நீரே, திசை மாறியதும் கழனிக்கு உயிரூட்டிற்று. நீரின் தன்மை மாறவில்லை. செல்லும் திசையே மாறிற்று. செல்வத்தின் நிலையும் அத்தகையதே. 1957-இல் பொள்ளாச்சியில் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் கலைக் கல்லூரியும் தோன்றின. 1984-இல் கோவையில் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வெளியூர் சென்று பயில இயலாத உழவர் வீட்டுப் பிள்ளைகள் தம் பகுதியிலேயே தொழிற்கல்வி பெற்றனர். 'ஓம் சக்தி' என்னும் மாத இதழ் வாயிலாக ஆன்மிகமும் தமிழும் இல்லங்கள்தோறும் சென்றன. 2007-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது.

இவ்வாழ்வுக்கு வழிகாட்டியோர் இருவர். ஒருவர் திருவருட்பிரகாச வள்ளலார். 1867-இல் அப்பெருமான் வடலூரில் தருமசாலை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாது எரிந்து, வந்தோர் பசியைத் தணித்து வருகின்றது. மற்றவர் மகாத்மா காந்தியடிகள். செல்வர் தம் செல்வத்திற்கு உரிமையாளர் அல்லர். மக்கள் பொருட்டு அதனைக் காக்கும் தருமகர்த்தாக்களே என்பது அண்ணலின் கொள்கை.

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்க்கு இக்கொள்கை எளிதில் விளங்கும். இறைவன் சொத்தைக் காக்கும் அறங்காவலர் கருவூலத்தின் சாவியை வைத்திருப்பார்; ஆயினும் அதிலுள்ள ஒரு காசும் அவருடையதன்று. ஒவ்வொரு நாளும் அவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். தம் வீட்டுப் பெட்டியையும் கோயில் உண்டியலைப் போல எண்ணுபவனுக்குப் பொருள் தடையாவதில்லை.

காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2-ஆம் நாளும் வள்ளலார் அவதரித்த அக்டோபர் 5-ஆம் நாளும் அடுத்தடுத்து வருவன. அவ்விரு நாள்களையும் இணைத்து வள்ளலார்–காந்தி விழாவினை அன்னார் சென்னையில் பல்லாண்டுகள் நடத்தி வந்தார். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், தமது 91-ஆம் வயதில், அவ்விழாவில் கலந்துகொண்டிருந்தபோதே அன்னாரின் உயிர் பிரிந்தது. எவ்விருவர் நெறியில் வாழ்ந்தாரோ, அவ்விருவர் விழாவிலேயே வாழ்வு நிறைவுற்றது.

ஆலையும் கல்லூரியும் நிறுவுதல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் எடையில் குறையாத தராசும், பணியாளர்க்குக் காலந்தவறாத ஊதியமும், பசித்து வந்தவர்க்கு ஒரு பிடி சோறும் எளிய வணிகர்க்கும் இயலும். ஊருணியின் பெருமை அதன் அளவில் இல்லை. ஊரார் இறங்கி நீர் அள்ளுதற்குப் படித்துறை திறந்திருப்பதில் உள்ளது. ஈட்டும் பொருள் யாவும் அத்தகைய ஊருணியாகத் திருவருள் துணைநிற்பதாக!