நாயும் நாலு பேர் கூடும் இடமும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால், "வாத்தியாருக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். வீட்டில் வளர்க்கும் நாயைக் கடைகளுக்கும் மற்றப் பொது இடங்களுக்கும் கூட்டிச் செல்லலாமா, கூட்டிச் சென்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பொருள். சிறிய பொருள்தான். ஆனால் இந்தச் சிறிய பொருளால் என் குடும்பமும் இன்னொரு குடும்பமும் ஒருமுறை பெருந்துன்பத்துக்கு ஆளாயின. ஆகையால் சிரித்துவிட்டுச் சற்றுக் கேளுங்கள்.

நம் மக்களுக்கும் நாய்க்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. அப்பா பால்வெட்டுக்கும் அம்மா வெளிக்காட்டு வேலைக்கும் விடியுமுன் போய்விட்டால், வீட்டைக் காத்தது நாய். பாம்பு வந்தால் குரல் கொடுத்ததும் அதுதான். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது பாதி வழிக்கு வந்து எதிர்கொண்டு அழைத்ததும் அதுதான். வைரவருக்கு வாகனமே நாய்தான். எனவே நாயை வெறுக்கச் சொல்லி நான் பேசவில்லை. நாயை நேசிப்பவன் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

1990ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் வீரன் என்றொரு நாய் இருந்தது. செம்மி நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஒரு சம்பளச் சனிக்கிழமை, எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று கட்டைத் தூரத்தில் இருந்த கடைத்தெருவுக்கு அம்மா என்னை அனுப்பினார். சாமான் சீட்டை வாங்கிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டேன். வீரன் பின்னால் ஓடிவந்தது. "அதை விரட்டிவிட்டுப் போடா" என்றார் அம்மா. நான் விரட்டவில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் முன்னால் என் நாயைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு.

கடைக்கு வந்ததும் அஞ்சடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு சணல் கயிற்றை வீரனின் கழுத்தில் கட்டிக் கடைக்குள்ளே இழுத்துச் சென்றேன். அரிசி மூட்டைகளும் கருவாட்டுக் கூடைகளும் வாய் திறந்து கிடந்தன. சம்பள நாள் என்பதால் ஒரே கூட்டம். வெளியே ஒரு லோரி பலமாக ஹாரன் அடித்தது. வீரன் மிரண்டுபோய்த் துள்ளியது. பக்கத்தில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி கையில் ரொட்டியோடு நின்றிருந்தாள். பயத்தில் அவள் கையை வீசினாள். வீரன் அந்தக் கையைக் கவ்விவிட்டது.

அவள் ஒரு மலாய்க்காரரின் மகள். கடைக்காரர் ஓடிவந்து பைப்பைத் திறந்து, சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவினார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் அப்பா செய்தி கேட்டு ஓடிவந்தார். அந்தக் குழந்தையை மருந்து கட்ட அழைத்துச் சென்ற நாள்களிலெல்லாம் அவரும் கூடவே போனார். போன நாளெல்லாம் அவருக்குச் சம்பளம் இல்லை. வீரனைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாய்க்கு ஏதாவது நோய் கண்டால் அந்தக் குழந்தையின் கதி என்ன என்ற கவலைதான் எல்லாருக்கும். நல்ல வேளையாக வீரனுக்கு ஒன்றும் இல்லை.

பத்தாம் நாள் அந்தச் சிறுமியின் தந்தை எங்கள் லயத்துக்கே வந்தார். அப்பா தலைகுனிந்து நின்றார். நாயை அடித்துக் கொன்றுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். வந்தவர் கையமர்த்தினார். "நாயை ஒன்றும் செய்யாதீர்கள். கடை எது, வீடு எது என்று நாய்க்கு என்ன தெரியும்? கூட்டிவந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று சொல்லி, என்னை ஒருமுறை பார்த்தார். அவர் திட்டவில்லை. அந்தப் பார்வைதான் இன்றும் என் நினைவில் நிற்கிறது.

நேயர்களே, அவர் சொன்னதில்தான் இன்றைய பேச்சின் சாரமே இருக்கிறது. நாய்க்குத் தன் வாசலும் தன் வீட்டாரும் தெரியும். கூட்டம், ஹாரன் சத்தம், அந்நியர் வாசனை, தலைக்கு மேலே நீளும் கைகள் இவையெல்லாம் அதற்குப் புதியவை. வீட்டில் பூனைபோல் படுத்திருக்கும் நாயும் மிரண்டால் கடிக்கும். "எங்கள் நாய் யாரையும் கடிக்காது" என்று சொல்பவர், "எங்கள் நாய் இதுவரை கடித்ததில்லை" என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, கடைக்குள் நாய் வரக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்? மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, சுத்தம். உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் நாயின் ரோமமும் எச்சிலும் படக்கூடாது. நாயின் குடலில் இருக்கும் சிலவகைப் புழுக்களின் முட்டைகள் அதன் மலத்தோடு மண்ணில் கலந்து, விளையாடும் பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குள் போய்விடும். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ், 2009ஆம் ஆண்டில் உணவுச் சுகாதார விதிமுறைகள் வந்தன. சமைக்கும் இடத்திலும் உணவு விற்கும் இடத்திலும் பிராணிகளை விடக்கூடாது என்பது கடைக்காரரின் பொறுப்பு. அவர் நம் நாயைத் தடுத்தால், நம்மை அவமதிக்கிறார் என்று எண்ணக்கூடாது. தம் கடமையைச் செய்கிறார்.

இரண்டாவது, பிறர் சமயம். நம் நாட்டு இஸ்லாமியர் பெரும்பாலும் ஷாஃபி நெறியைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டுவிட்டால், பட்ட இடத்தை ஏழுமுறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் நெறி. தொழுகைக்குப் புறப்பட்ட ஒருவர்மேல் நம் நாய் மூக்கை உரசினால் அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று எண்ணிப்பாருங்கள். அவர் விலகிப்போவது நாயின்மேல் உள்ள பகையால் அன்று, நம்மேல் உள்ள பகையாலும் அன்று. கோயிலுக்குக் குளித்துவிட்டுப் போகும் நம் அம்மாக்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை. பல இனம் கூடிவாழும் நாட்டில், பிறர் ஆசாரத்தை அறிந்து ஒதுங்கி நிற்பது தாழ்வல்ல; அதுவே பண்பு.

மூன்றாவது, கடியும் அதனால் வரும் நோயும். வெறிநாய்க்கடி நோயை ரேபிஸ் என்பார்கள். நோயுற்ற நாயின் எச்சிலில் அந்தக் கிருமி இருக்கும். கடிபட்ட இடத்திலிருந்து நரம்புவழியே மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நோய்க்குறி தெரியும். சிலருக்கு ஒரு வாரத்திலும் தெரியலாம், ஓராண்டு கழித்தும் தெரியலாம். குறி தெரிந்தபின் பிழைத்தவர் மிக மிக அரிது. ஆனால் குறி தெரியுமுன் ஊசி போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாம். 1885ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்தைச் செலுத்தி அவனைப் பிழைக்க வைத்தார். அன்று திறந்த கதவு இன்றும் நமக்காகத் திறந்தே இருக்கிறது. நாம்தான் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

"அதெல்லாம் அந்தக் காலத்து நோய்" என்று எண்ணிவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டில் மலேசியா இந்நோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2015இல், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கின் செரியான் பகுதியில் பரவியதாக அறிவிப்பு வந்தது. முதலில் மாண்டவர்கள் சிறு பிள்ளைகள். அதன்பின் சரவாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர், "சின்னக் கீறல்தானே" என்று இருந்துவிட்டார்களோ!

ஆகவே இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், திறந்த புண்ணை நக்கினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. மந்திரிக்கப் போவதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு போங்கள். எத்தனை ஊசி போடச் சொல்கிறார்களோ அத்தனையும் போட்டுக்கொள்ள வேண்டும். அன்று அந்தக் கடைக்காரர் முதலில் செய்தது சவர்க்காரத்தால் கழுவியதுதான். நோய் எதுவும் இல்லாத நாயின் கடிக்கும் அதுவே முதல் மருந்து.

இனி, நாய் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

ஊராட்சி மன்றத்தில் உரிமம் எடுங்கள். கழுத்துப் பட்டையில் உரிம வில்லையை மாட்டுங்கள். வில்லை இல்லாத நாய் பிடிபட்டால், அது உங்கள் வீட்டுப் பிள்ளை என்று பிடிப்பவருக்கு எப்படித் தெரியும்? கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடுங்கள்.

கடைக்குப் போகும்போது நாயை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். புறப்படும் முன் அதற்குச் சோறும் தண்ணீரும் வைத்துக் கட்டிவிட்டால் பின்னாலே ஓடிவராது. பூங்காவுக்கோ திடலுக்கோ கூட்டிச் செல்வதானால், நாய்க்கு அனுமதி உண்டா என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கயிறு குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். நான் கட்டியதுபோல் சணல் கயிறு வேண்டாம். கயிற்றைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கவே வேண்டாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கட்டும். நாய் அசுத்தம் செய்தால் வாரியெடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது வளர்ப்பவர் வேலை; வேறொருவர் வேலையன்று.

பட்டணத்தில் சில கடை வளாகங்கள் இப்போது செல்லப்பிராணிகளுக்கு இடம் கொடுக்கின்றன. அங்கே போகலாம். ஆனால் அங்கும் அவர்கள் சொல்லும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே போக வேண்டும். ஓர் இடத்தில் அனுமதி உண்டு என்பதால் எல்லா இடத்திலும் உண்டு என்று ஆகிவிடாது.

கடைக்குள் விடமாட்டார்கள் என்பதற்காக நாயை வெயிலில் கட்டிப்போடுவதும், காருக்குள் அடைத்துவிட்டுப் போவதும் அதைவிடப் பெரிய தவறு. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். கண்ணாடி ஏற்றிய கார் நம் ஊர் வெயிலில் சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைப்பவருக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஒரேயொரு நாயைப் பற்றி மட்டும் வேறுவிதமாகச் சொல்ல வேண்டும். கண்பார்வை இல்லாதவரை வழிநடத்தப் பழக்கிய நாய் அது. அதன் தோளில் கைப்பிடியோடு ஒரு பட்டை பூட்டியிருக்கும். அது செல்லத்துக்காக வந்த நாயன்று. அவருக்குக் கண்ணாக வந்தது. சிங்கப்பூரில் இத்தகைய நாய்கள் ரயிலிலும் பேருந்திலும் ஏறலாம். அப்படியொருவரைக் கண்டால் வழிவிடுங்கள். நாயைத் தட்டிக்கொடுப்பதும் தின்பண்டம் நீட்டுவதும் வேண்டாம். அதன் கவனம் சிதறினால் அவர் தடுக்கி விழுவார்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கும் மூன்று சொற்கள் சொல்லிக்கொடுங்கள். தெரியாத நாயைத் தொடாதே. தின்றுகொண்டிருக்கும் நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகாதே. நாய் குரைத்து வந்தால் ஓடாதே. கையை ஒடுக்கி மரம்போல் அசையாமல் நில்.

முடிக்குமுன் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சம்பவம் நடந்து சில மாதங்களுக்குப் பிறகு, அதே கடைக்கு மறுபடியும் போனேன். வீரன் வீட்டில்தான் இருந்தது. சாமான் சீட்டோடு நான் மட்டும் தனியாக நின்றேன். அந்தச் சிறுமியும் தந்தையோடு வந்தாள். கையில் தழும்பு இருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று தந்தையின் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாய் இல்லை, நேயர்களே. என்னைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

நம் வீட்டு நாய் நமக்குச் செல்லம். பொது இடம் எல்லாருக்கும் சொந்தம். நம் செல்லத்தால் பிறர் பிள்ளை நம்மைக் கண்டு அஞ்சும் நிலை வரக்கூடாது. இதை எண்ணிப்பார்த்து, நாளைக்குக் கடைக்குப் புறப்படும்போது வாசலில் வாலாட்டி நிற்கும் நாயிடம், "நீ வீட்டைப் பார்த்துக்கொள், நான் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அது காத்திருக்கும். காத்திருப்பதில் நாயை மிஞ்ச யாரும் இல்லை.